பாத எரிச்சலுக்கு ஓர் எண்

2022 ஆடி மாதம். ஒரு பிளவுஸை முடித்துவிட்டு மெஷினை விட்டு எழுந்தால், தரையெல்லாம் ரத்தப் பொட்டு. உடைந்த மெஷின் ஊசி ஒன்று வலது பாதத்தில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே எனக்குத் தெரியவில்லை. அதே பாதம்தான் ராத்திரி படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் காலை வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஊசி ஏறினால் தெரியாத கால், எதுவும் படாமலே எப்படி எரியும்? யாரிடம் கேட்டாலும் "சுகர் இருந்தா அப்படித்தான்" என்றார்கள். நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரும் அதையே சொல்லி இரண்டு வருடம் சத்து ஊசி போட்டார், அப்புறம் ஒரு நரம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் காலை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மதுரையில் இருக்கும் என் தம்பிதான் அந்த அறிவிப்பைப் பார்த்தான். சர்க்கரையால் வரும் நரம்பு வலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வு, ஆள் சேர்க்கிறார்கள். "போய்க் கேட்டுத்தான் பார்ப்போமே அக்கா" என்றான். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "உன்னை வெச்சு எலி மாதிரி சோதிப்பாங்க" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2023 பிப்ரவரியில் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கிப் போனேன்.

முதல் நாள் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தைத்தான் கொடுத்தார்கள், இருபது பக்கத்துக்கு மேல். நான் பேனாவை எடுத்தேன், டாக்டர் தடுத்துவிட்டார். "வீட்டுக்குக் கொண்டு போங்கம்மா. எல்லாரும் படிங்க. புரியாததுல கோடு போட்டுட்டு வாங்க" என்றார். தமிழ் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. மூன்று ராத்திரி நானும் தம்பியும் போனில் பேசிப் பேசிப் படித்தோம். இந்தியாவில் 2009 ஜூன் முதல் இப்படிப்பட்ட மருந்து ஆய்வுகளை ஆள் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். படிவத்தில் இருந்த எண்ணைப் போட்டுத் தம்பி தேடினான், ஆய்வு அதில் இருந்தது. மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், பாதிப்பு ஆய்வால்தான் என்றால் இழப்பீடு தர வேண்டும். 2019இல் வந்த மருந்து ஆய்வு விதிகளில் இது இருக்கிறது, எங்கள் படிவத்திலும் எழுதியிருந்தது. ஆய்வில் சேருகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் போன் எண்ணும் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்காது என்ற வரியைத் தம்பி வீட்டுக்காரருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான்.

அடுத்த முறை போனபோது கோடு போட்ட இடங்களைக் காட்டிக் கேட்டேன். பாதிப் பேருக்கு மருந்து இருக்கும் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டருக்கும் தெரியாது. "எனக்கு வெறும் மாத்திரை வந்தா 12 வாரம் வீணா?" என்று கேட்டேன். வலி வைத்தியத்தில் வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் வலி குறைவது உண்டு என்றார் டாக்டர். நம்மை ஒருவர் கவனித்துக் கேட்பதும், குணமாகும் என்ற நம்பிக்கையுமே வலியைக் கொஞ்சம் குறைக்குமாம். அதைக் கழித்துப் பார்த்தால்தான் மருந்து செய்த வேலை எவ்வளவு என்று தெரியும். நரம்பு வலிக்கு வந்த பல மருந்துகள் ஆய்வில் நின்று காட்ட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார். கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி என்னிடமே இருக்கிறது.

ஆனால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மூன்று மாத சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) 10.4 சதவீதம் இருந்தது. சர்க்கரை அவ்வளவு ஏறி இறங்கும் உடம்பில் வலி கூடினாலும் குறைந்தாலும் அது மாத்திரையாலா சர்க்கரையாலா என்று பிரிக்க முடியாது. சரி, பட்டினி கிடந்தாவது இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் அதற்கும் விடவில்லை. ரொம்ப நாள் உயர்ந்திருந்த சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் அதனாலேயே கடுமையான நரம்பு வலி வருவது உண்டு, மெதுவாக இறக்குங்கள் என்றார். கூடவே வைட்டமின் பி12 அளவும் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும். எனக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதைச் சரிசெய்தார்கள். ஜூனில் திரும்பிப் போனபோது சர்க்கரை 9.1. எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருவர் என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கும் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. பட்டால் சொல்ல வேண்டும். நான் நான்கு முறை "ஆமா" சொன்னேன். மற்ற ஆறு இடங்களில் தொட்டதே எனக்குத் தெரியாது. அப்புறம் பெருவிரலில், தட்டினால் அதிர்கிற இசைக்கவை, அதற்கப்புறம் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிற பயோதீசியோமீட்டர். அது வோல்ட்டில் கணக்குச் சொல்லும். 25க்கு மேல் போனால் பாதத்தில் புண் வரும் ஆபத்து அதிகம். எனக்கு வலது கால் 31, இடது கால் 28.

என் பழைய கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. காலுக்கு வருகிற நரம்பில் பருத்த இழைகளும் இருக்கின்றன, மெல்லிய இழைகளும் இருக்கின்றன. அதிர்வையும் தொடுவதையும் பருத்தவை சொல்கின்றன. சூட்டையும் வலியையும் சொல்வது மெல்லியவை. சர்க்கரை இரண்டையும் கெடுக்கிறது. மெல்லியவற்றில் சில செத்துப்போகின்றன, அதனால் ஊசி ஏறினாலும் சேதி போவதில்லை. கெட்டும் சாகாமல் மிச்சமிருப்பவை ஒன்றுமே நடக்காதபோதும் எரிகிறது எரிகிறது என்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, அதனால் முதலில் அடிபடுவது விரல் நுனி. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் நான் ஏதோ ஜாஸ்தியாகச் சொல்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கரண்ட் வைத்துப் பார்க்கும் பரிசோதனை பருத்த இழைகளை மட்டும்தான் காட்டும். மெல்லியவற்றை எண்ணக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுப்பார்கள். அதற்குத் தனிப் படிவம், மாட்டேன் என்று சொன்னாலும் ஆய்வில் இருக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், தையல் போடவில்லை. சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறுமா என்று பயந்தேன், இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது.

உண்மையில் சிரமப்பட்டது அதற்கப்புறம்தான். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரிகாபலின் என்ற நரம்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அந்தப் பத்து நாளை நான் மறக்க மாட்டேன். தாங்க முடியாதபோது பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளலாம், போட்டால் குறித்துவைக்க வேண்டும். இரண்டு ராத்திரி விலகிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கோஆர்டினேட்டர் பெண் தினமும் கூப்பிடுவாள். "முடியலன்னா நிறுத்திடலாம்மா, தப்பே இல்ல" என்பாள். அவள் அப்படிச் சொன்னதாலேயே இருந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தினமும் ராத்திரி 8 மணிக்கு, அவர்கள் கொடுத்த சின்ன போனில் மணி அடிக்கும். கடந்த 24 மணி நேரத்தில் சராசரி வலி எவ்வளவு, 0 முதல் 10க்குள் ஓர் எண் போட வேண்டும். மாத்திரை தொடங்கும் முன்பே ஒரு வாரம் இப்படி எழுதச் சொன்னார்கள். எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் சேர்ப்பார்கள் என்று மட்டும் சொல்லவே இல்லை. சொன்னால் அதற்கேற்ப எழுதிவிடுவோம் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரே ஓர் எண் என்றாலும் அவ்வளவு கஷ்டம். பகலில் வேலையில் இருக்கும்போது 4. ராத்திரி 9. சராசரி என்ன? 10 என்பது எது? நான் தையல்காரி. டேப்பின் நுனி ஒரே இடத்தில் நிற்காவிட்டால் எந்த அளவும் அளவில்லை. அதனால் என் 10 எது என்று முதலில் முடிவு செய்தேன்: என் இரண்டாவது பிரசவம். அதை வைத்துத்தான் மற்ற எண்களைப் போட்டேன்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். இவ்வளவு அன்பாகப் பார்க்கிறார்களே, மருந்து வேலை செய்யவில்லை என்றால் வருத்தப்படுவார்களே என்று 7 போட வேண்டிய இரண்டு நாள் 5 என்று போட்டேன். அடுத்த முறை போனபோது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். கோஆர்டினேட்டர் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க குறைச்சுப் போட்டா எங்களுக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க. வேலை செய்யாத மாத்திரை, வேலை செய்யுதுன்னு வெளிய போயிடும். உங்கள மாதிரி இன்னொரு அம்மா காசு குடுத்து வாங்கிச் சாப்பிடுவாங்க" என்றாள். போட்ட எண்ணை மாற்ற முடியாது, நான் சொன்னதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட நான் பொய் எண் போடவில்லை. நல்ல நாளில் 4 போட்டேன், ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி 9 போட்டேன்.

12 வாரம் முடிந்தபோது 7இல் இருந்த சராசரி 5க்கு வந்திருந்தது. எனக்கு வந்தது எந்த மாத்திரை என்று இன்னும் தெரியாது. கடைசி ஆள் முடிக்கும்வரை பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஆய்வு முடிந்ததும் டாக்டர் வழக்கமான மருந்துக்கு மாற்றினார். முதலில் டுலோக்சடின் என்ற நரம்பு வலி மாத்திரை. ஒரு வாரம் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. போதாததால் குறைந்த அளவில் பிரிகாபலினையும் சேர்த்தார். எந்த ஆதாரத்தில் இரண்டையும் சேர்த்துத் தருகிறீர்கள் என்று கேட்டேன். இப்போதெல்லாம் நான் கேட்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் 13 இடங்களில் 130 பேரை வைத்து நடந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வைச் சொன்னார். 2022இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அமிட்ரிப்டிலின், டுலோக்சடின், பிரிகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது வலி இன்னும் குறைந்தது. 6.6ஆக இருந்த சராசரி 16 வாரத்தில் 3.3க்கு வந்ததாம்.

அந்த எண்களைக் கேட்டதும் எனக்கு அந்த 130 பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும் தினமும் ஓர் எண் எழுதியவர்கள்தான். ஏதோ ஒரு ஊரில் ஒருவர் தூக்கமில்லாத ராத்திரிக்கு மறுநாள் 8 என்று உள்ளபடி எழுதியதால்தான், திண்டுக்கல்லில் எனக்கு இரண்டாவது மாத்திரை கிடைத்திருக்கிறது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் எழுதுவதை நான் விடவில்லை. அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எண் மட்டும் எழுதுகிறேன். நேற்று 3. எரிச்சல் குறைந்ததே தவிர, போன உணர்ச்சி திரும்பவில்லை. போன மாதம் பார்த்தபோதும் இழை பட்டது நான்கு இடங்களில்தான் தெரிந்தது. அதனால் மெஷினில் உட்காரும்போதும் செருப்பைக் கழற்றுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.