அடையாறால் மீதியில்லாமல் வகுபடும் பிராட்வே

காலையில் மகளை ஸ்கூட்டரில் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும் நேரத்தைக் கழிக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டில் இருக்கும் இரண்டு எழுத்தும் வருகிற ஆங்கிலச் சொல்லை யார் முதலில் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். சி, கே என்றால் நான் வாயைத் திறக்கும் முன் பின்சீட்டிலிருந்து 'சிக்கன்' வந்துவிடும். 1, 0 மாதிரித் தெரியும் என்பதால் ஐ, ஓ இரண்டையும் பிளேட்டில் போடுவதில்லை. மாநகரப் பேருந்து நின்றாலோ 'என்' என்கிற ஒற்றை எழுத்து மட்டும்தான். சீக்கிரமே அலுத்துவிட்டது.

அப்புறம் ஊர்ப் பெயர்ப் பலகைகளுக்கு மாறினோம். பெயரில் உள்ள அத்தனை ஆங்கில எழுத்தும் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும், கூட எத்தனை எழுத்து இருந்தாலும் பரவாயில்லை. முதல் பலகை அடையாறு. ஏ, டி, ஒய், ஏ, ஆர். பச்சை விழுந்து, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, பள்ளி வாசலும் வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்தான், நூறு ஷீட்டை ஒன்றாகச் சேர்க்கிற அளவுக்குப் பைத்தான் என்கிற நிரல் மொழி கொஞ்சம் தெரியும், அவ்வளவே. எனேபிள் என்று ஒரு சொல்பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது, 1,72,000 சொற்களுக்கு மேல், வரிக்கு ஒன்று. ஐந்தே வரியில் ஒரு நிரலை எழுதி ஓட்டினால் டயரி, டெய்ரி, யார்ட் என்று கொட்டியது. பெருமையாகப் படுத்துத் தூங்கினேன்.

காலையில் தோசை தின்றுகொண்டே அவள் பட்டியலைப் பார்த்தாள். "அம்மா, அடையாறுல ரெண்டு ஏ இருக்கு. டயரில ஒண்ணுதானே?"

கோளாறு எங்கே என்றால், பைத்தானில் 'செட்' என்று சொல்லி எழுத்துகளைப் போட்டால் ஒரே எழுத்து எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகத்தான் வைத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது எந்த எழுத்து எத்தனை என்கிற கணக்கு. அதற்கு 'கவுன்ட்டர்' இருக்கிறது. அதற்கு மாற்றியதும் பாதிக்கு மேல் உதிர்ந்துபோய், மிஞ்சியதில் முதலில் கண்ணில் பட்டது ஆல்ரெடி. தினமும் காலையில் "ஆல்ரெடி லேட்டு" என்று கத்துகிற வாய்க்கு அது சிக்னலில் வரவில்லை பாருங்கள். டேட்ரீம், யார்டேஜ் இரண்டும் அதன் பின்னாலேயே வந்தன.

இதைக் கேட்ட என் மாமனார், தன் குறுக்கெழுத்துக்கும் இது உதவுமா என்றார். அவருக்கு வேண்டியது வேறு. கொடுத்த எழுத்துகள் கூடாமல் குறையாமல் அப்படியே இடம் மாறி இன்னொரு சொல்லாக வேண்டும். ஸ்கிராபிள் ஆடுகிறவருக்கு வேண்டியது இன்னொன்று, கையில் இருக்கிற எழுத்துகளுக்குள்ளேயே அடங்குகிற சொல். மூன்றும் ஒரே கேள்வி என்று நினைத்துத்தான் இரண்டு நாள் குழம்பினேன். எழுத்துக் கணக்கு மூன்றுக்கும் ஒன்றுதான், எதற்குள் எது அடங்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது.

மாமாவின் கேள்விதான் சுலபம். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டால், ஒரே மாதிரி அடுக்கு வருகிறவை எல்லாம் ஒரு குடும்பம். என்ன போடலாம் என்று கேட்டதும், "நம்ம ஊரையே போடும்மா" என்றார். மெட்ராஸ் என்பது கட்டம் போட்ட துணியின் பெயராகப் பட்டியலிலேயே இருக்கிறது. அதன் குடும்பத்தில் ட்ராமாஸ், அப்புறம் டமார்ஸ். டமார் என்று வெடிச் சத்தத்தைச் சொல்கிறார்கள் என்று சிரித்தோம், பார்த்தால் அது குங்கிலியம். மாமா பேப்பர் ஓரத்தில் ஆறு எழுத்தையும் பென்சிலால் வட்டமாக எழுதி (வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை மறைக்குமாம்) ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்த்த பிறகுதான் கம்ப்யூட்டரை நம்பினார். சென்னை என்று போட்டால் ஒரே ஒரு சொல், என்செய்ன். சங்கிலி போட்டுக் கட்டுவது. "1996-ல பேர மாத்தினாங்க, டிராமா முடிஞ்சுது, கட்டிப் போட்டுட்டாங்க" என்றார்.

இதற்கிடையில் மகளுக்குப் பள்ளியில் பகா எண்கள் நடத்தினார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் தெரியும், அதை அவளுக்குக் காட்டினேன். ஏ-க்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5 என்று போய் இசட்டுக்கு 101. சொல்லில் உள்ள எழுத்துகளின் எண்களைப் பெருக்கினால் சொல்லுக்கு ஓர் எண் வரும். மெட்ராஸ் 46,91,876. அடையாறு 1,65,676. ஒரு சொல்லின் எண்ணை அடையாறின் எண்ணால் வகுத்து மீதி 0 வந்தால், அந்தச் சொல்லுக்குள் அடையாறின் எழுத்துகள் முழுசாக இருக்கின்றன. இரண்டு ஏ பிரச்சினையே எழாது, 2 இரண்டு முறை பெருக்கப்பட்டிருக்கிறதே. அடிக்கடி வருகிற ஈ-க்கு 2-ஐக் கொடுத்தால் எண்கள் சிறிதாகும்தான், ஆனால் கையாலேயே போட்டுப் பார்க்க அவளுக்கு இந்த வரிசைதான் வசதி. கவுன்ட்டருக்கும் இதற்கும் வேகத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, இரண்டுமே கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது கவுன்ட்டர்தான், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா திடீரென்று, "பிராட்வே!" என்றார். சென்னையின் பிராட்வே பகுதிக்குப் போகும் ஏதோ பஸ் ஞாபகம் என்று நினைத்தேன். "அடையாறுக்கும்மா. ரெண்டு ஏ, டி, ஒய், ஆர், எல்லாம் இருக்கு." பட்டியலில் தேடினால் இல்லை, பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களை அதில் சேர்ப்பதில்லை. மகள் எச்சில் கையைத் துடைத்துவிட்டு என் போனை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். பிராட்வே 193 கோடியே சொச்சம். அடையாறால் வகுத்தாள், 11,703, மீதி 0. அதோடு விடவில்லை, அதையும் பிரித்தாள்: 3, 47, 83. விரல் விட்டு எண்ணி எழுத்தாக்கினாள், பி, ஓ, டபிள்யூ.

"பௌ. தாத்தா, வில்லு மிச்சம்!"