கால்கட்டுப் போட்டால் பொடியன் திருந்துவானோ?

பொடியன் கசிப்புக்கும் கள்ள மண் ஏத்துற டிப்பருக்கும் பின்னால் திரிகிறான் என்றால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெரியாக்கள் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஒரு கால்கட்டைப் போட்டு விடுங்கோ." வன்னிக்கு இது பழகின மருந்து. 2009க்கு முந்திய போர் ஆண்டுகளில் இயக்கத்தின் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அவசரக் கலியாணம் நடந்த மண் இது.

மருந்தில் பாதி உண்மை இருக்கிறது. பொஸ்டன் நகரில் சிறு வயதிலேயே குற்றத்தில் சிக்கிய 500 பொடியன்களின் பழைய பதிவுகளை எடுத்து, சாம்ப்சன், லாப் என்ற இரு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். மனைவியோடு பற்று வைத்தவர்கள் குற்றத்தை விட்டுத் தள்ளிப் போயிருந்தார்கள். தாலி கட்டின அன்றைக்கல்ல, வருசக் கணக்கில், மெல்ல மெல்ல. 1998இல் மார்க் வார் என்பவர் இன்னொரு காரணத்தைப் பிடித்தார்: கலியாணம் கட்டினவன் கூட்டாளிகளோடு நிற்கும் நேரம் குறைகிறது, குற்றமும் அதோடு குறைகிறது. ஆகவே முகூர்த்தத்தை விட, பொழுதுபட்ட பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பாருங்கள். அதே சந்தி, அதே மோட்டார் சைக்கிள்கள் என்றால் கால்கட்டு அவனுக்கில்லை, வந்த பெட்டைக்குத்தான்.

பெட்டைகள் பக்கம் இழுவை மற்றத் திசையில். டானா ஹெய்னியும் கூட்டு ஆய்வாளர்களும் அமெரிக்கப் பதின்வயதினரிடம் பார்த்து 2005இல் எழுதியது: நண்பர்களின் பாதிப்பைக் கழித்த பிறகும் காதலிப்பவரின் நடத்தை தனியாக இழுக்கிறது, சில்லறைக் குற்றங்களில் அந்த இழுவை ஆண்களை விடப் பெண்களிடம் அதிகம்.

இங்கே அது சில்லறையாகத்தான் தொடங்கும். அவள் பேரில் ஒரு சிம். பிறகு சங்கிலி அடகுக்குப் போகும். பிறகு, "இதைக் கொஞ்சம் பைக்குள்ள வைச்சிரு." பெண்ணைச் சோதிக்கப் பெண் பொலிஸ் வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பிடிபட்டால் பொருள் அவளுடைய பையில்.

பெட்டையின் போனைப் பறிப்பதால் இது நிற்காது. இரண்டாவது போனை அவனே வாங்கிக் கொடுப்பான்.

கட்டி வைத்து முடிக்கலாம் என்றாலும் பொதுச் சட்டப்படி 18க்குக் கீழ் பதிவு இல்லை. பெட்டைக்கு 16 ஆகவில்லையென்றால், அவள் சம்மதித்திருந்தாலும் பொடியன் மேல் பாலியல் வல்லுறவு வழக்கு. களவு வழக்கிலிருந்து காப்பாற்றப் போய் இதில் மாட்டின குடும்பங்கள் உண்டு. 18க்குக் கீழ்ப் பிள்ளையென்றால், ஐயரிடம் போக முதல் பிரதேச செயலகத்தில் சிறுவர் பிரிவைக் கேளுங்கள். அலைய முடியாதென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழைக்கலாம்.