அப்பாவின் துப்பாக்கிக்காகப் பதினான்கு மாதம்

2022 டிசம்பரில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். போகச் சொன்னவர் பக்கத்துத் தோட்டத்து வக்கீல். "உங்கள் அப்பாவோடு அவருடைய உரிமமும் போய்விட்டது. இன்று உங்கள் வீட்டில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம்" என்றார். அதுவரை நான் அதைப் பட்டா நிலம் போல, கடப்பாரை போல, அப்பா விட்டுச்சென்ற இன்னொரு பொருளாகவே நினைத்திருந்தேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. உரிமம் பெற்றவர் இறந்தால் வாரிசுகள் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.

நிலைய ரைட்டர் குழல் எண்ணைப் பதிந்தார். தோட்டாக்களை இரண்டு முறை எண்ணினார். பதினொன்று. "கடைசியாக எப்போது சுட்டார்?" என்று கேட்டார். தெரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம். யானை வந்த இரவுகளில் அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமத்தில் எழுதியிருந்தாலும் ஒரு பன்றியைக்கூட அவர் சுட்டதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தனி அனுமதியில்லாமல் அதற்கு இடம் கொடுப்பதுமில்லை.

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டு மாதத்தில் திரும்பப் பெற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் பொதுவாக அப்படித்தான்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அம்மா ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாங்கி என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வரை போய்ச் சான்றொப்பம் வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். அன்று அத்தான் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் கைத்துப்பாக்கி வாங்கியது ஒரு மதிய நேரத்தில். கடையில் ஒரு படிவம், அங்கேயே பின்னணிச் சோதனை, பணம், பை. 2021 செப்டம்பரிலிருந்து அந்த மாநிலத்தில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கவும் தனி உரிமம் தேவையில்லை. "அங்கே உனக்கு உரிமையே இல்லையா?" என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

மருத்துவச் சான்றுக்கு அரசு மருத்துவமனைக்குப் போனேன். உடல்நலம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மனநல மருத்துவர் நிதானமானவர்.

"கோபம் வருமா?"

"வரும்."

"வந்தால் என்ன செய்வீர்கள்?"

"தோட்டத்துக்குப் போய்விடுவேன்."

"துப்பாக்கியோடா?"

இருவருமே சிரித்தோம். ஆனால் அவர் பேனாவை உடனே எடுக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம் பேசினார். இந்த அலைச்சல் முழுவதிலும் எனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றியது அந்தக் கால் மணி நேரமும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும்தான். நாற்பத்தொரு வயதில், துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் குழலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். அப்பா எங்களை அதைத் தொட விட்டதே இல்லை.

காவல் விசாரணையில் முதல் கேள்வி, "உங்கள் உயிருக்கு யாராலாவது ஆபத்து உண்டா?" இல்லை என்றேன். "அப்புறம் எதற்கு?" மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நாக்கு எழவில்லை. யானை என்றேன், காப்பி என்றேன், அப்பா என்றேன். முதல் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் கோப்பு காணாமல் போனது. காணவில்லை என்று யாரும் சொல்லவில்லை, "நகர்ந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். நான்கு மாதம் கழித்து, காவல்துறை அறிக்கை வேறொரு பிரிவின் அலமாரியில் தூங்குவதை ஒரு தற்காலிக ஊழியர் கண்டுபிடித்துச் சொன்னார். மறுத்திருந்தால்கூட மேல்முறையீடு செய்திருக்கலாம். தூக்கத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது?

காத்திருந்த இரவுகளில் அத்தானுக்கான பதிலைத் தேடிப் படித்தேன். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு, 1931இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானமே கேட்டிருக்கிறது. வெள்ளையர் நம்மை நிராயுதபாணிகளாக்கிய கோபம் அதில் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை; திருத்தம் தோற்றது. இன்று நம் அரசியலமைப்பு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. ஆனால் கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த கொடவ இனத்தவருக்கு வெள்ளையர் காலத்திலிருந்தே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுக்கும் காப்பித் தோட்டம்தான், யானைதான். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை என்பதை மறைக்கவில்லை. அத்தானிடம் "உரிமை இல்லை, அனுமதி உண்டு" என்றேன். அவர் ஊரில் பள்ளிக் குழந்தைகளுக்குத் துப்பாக்கிச்சூடு நடந்தால் ஒளிந்துகொள்ளப் பயிற்சி தருகிறார்களாம். அதை அவர் சொல்லவில்லை, அக்காதான் சொன்னாள். எனக்கு மனநல மருத்துவரின் பேனா நினைவுக்கு வந்தது. அந்தத் தாமதத்தை மன்னித்துவிடுவேன், அலமாரியை மாட்டேன்.

2024 பிப்ரவரியில் உரிமம் கைக்கு வந்தது. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டினேன். அம்மா பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் பெற்ற ஆயுதங்களை ஒப்படைக்குமாறு நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அதே வேட்டியில் சுற்றி எடுத்துப் போனேன். அதே ரைட்டர். தோட்டாக்களை எண்ணினார்.

"பதினொன்று" என்றார். "அப்பா மாதிரியே."