முகம் வீங்கின பிசிக்ஸ் மாஸ்ரர்

வாரியர் எண்டு 2011இல வந்த ஒரு இங்கிலிஷ் படத்தைப் பற்றி பள்ளிக்கூட மலரில எழுதிறது விசர் வேலை எண்டு சிலபேருக்குத் தெரியலாம். அடிபிடிப் படம்தான். ரெண்டு பேரைக் கூண்டுக்குள்ள விட்டுப் பூட்டிப்போட்டு, குத்து உதை மடக்கு நெரிப்பு எல்லாம் அனுமதி எண்டு விடுற எம்எம்ஏ சண்டை. ஆனா அதில வாற தமையன்காரன் ஒரு பள்ளிக்கூடத்தில பிசிக்ஸ் படிப்பிக்கிற மாஸ்ரர், அந்த ஒரு விசயத்துக்காகவே 97இல ஏஎல் சோதினை எடுத்த எங்கட செட் ஆக்கள் இந்தப் படத்தை விடமாட்டம், கூடினா எப்பிடியோ கதை அங்கதான் போய் நிக்கும்.

கதை தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா சொல்லுறன். பிற்ஸ்பேர்க்கில ஒரு குடிகாரத் தகப்பன், அடி தாங்கேலாம தாய் இளையவனைக் கூட்டிக்கொண்டு ஓடுறா, மூத்தவன் தான் விரும்பின பெட்டைக்காகப் போகாம நிண்டிட்டான். தாய் வருத்தத்தில சாகேக்க பக்கத்தில இருந்தது இளையவன் மட்டும். கன வருசம் கழிச்சு இளையவன் ரொமி தகப்பன்ர வாசலில வந்து நிக்கிறான், பாசத்துக்கில்ல, எனக்குப் பயிற்சி தா, வேற ஒரு கதையும் கதைக்காதை எண்டு. மூத்தவன் பிரெண்டனுக்கு மகளின்ர இருதய வருத்தத்துக்குச் செலவழிச்சு வீட்டு மோர்கேஜ் கட்ட வழியில்ல, வங்கி வீட்டை எடுக்கப் பாக்குது. இரவில காசுக்கு எங்கயோ கார் நிப்பாட்டுற இடத்தில போய் அடிபடுறான், விடிய முகம் வீங்கி வகுப்புக்கு வாறான். மேலிடம் அறிஞ்சு சம்பளமில்லாம நிப்பாட்டிப் போடுது. ரெண்டு பேரும் ஆளையாள் தெரியாம அற்லாண்ரிக் சிற்றியில நடக்கிற ஒரே போட்டிக்குப் போகினம், 16 பேர், ரெண்டு நாள், வெண்டவனுக்கு 5 மில்லியன் டொலர்.

மற்றச் சண்டைப் படங்களில நாங்கள் ஒரு ஆளுக்காக நேர்ந்துகொண்டிருப்பம், எதிராளி விழுந்தா சந்தோசம், அவ்வளவுதான். இதில டைரக்டர் கவின் ஓகொனர் செய்த குசும்பு என்னெண்டா கடைசியில தமையனையும் தம்பியையும் ஒரே கூண்டுக்குள்ள கொண்டுவந்து நிப்பாட்டினது. ரெண்டு பேரிலயும் நியாயம் இருக்கு. எவன் விழுந்தாலும் எங்களுக்குத்தான் நோகும். தம்பியா வாற ரொம் ஹார்டி தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து வாற வடிவைப் பாத்தா ஆளை அடிக்க வாறானோ அழப்போறானோ எண்டு தெரியாது.

இனி எங்கட பிசிக்ஸ் மாஸ்ரர். பேர் எழுதேல்ல, எழுதினா அவருக்குப் பிடிக்காது, எங்கட செட்டுக்கு ஆள் ஆரெண்டு விளங்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்க சண்டையால இடம்பெயர்ந்து மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு வந்தது இந்த மலரை வாசிக்கிற கனபேருக்குத் தெரிஞ்ச கதை, அதை நான் திருப்பி எழுதேல்ல. அதுக்குப் பிறகு எங்கட வகுப்பு சாவகச்சேரிப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்தில பின்னேரங்களில நடந்தது, அவையின்ர பிள்ளையள் போனாப் பிறகு நாங்கள். கரண்ட் 90இலயே போட்டுது, இருட்டினா ஜாம் போத்தல் விளக்குத்தான். மாஸ்ரருக்கு நாலு பிள்ளையள், ஒரு கொட்டிலுக்குள்ள இருந்தவை, சம்பளம் எப்ப வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருநாள் காலமை நாங்கள் கொஞ்சப்பேர் சங்கக்கடைக்கு நிவாரணம் எடுக்கப் போகேக்க கண்டி வீதியில கொடிகாமப் பக்கமிருந்து ஒரு ஆள் சாரத்தை மடிச்சுக் கட்டி, தலையில துவாய் சுத்தி, சைக்கிள் நிறைய விறகு கட்டித் தள்ளிக்கொண்டு வாறார். கிட்ட வந்தாப் பிறகுதான் தெரியுது எங்கட மாஸ்ரர். எங்களுக்கு எங்க பாக்கிறதெண்டு தெரியேல்ல, ஒருத்தன் வேலியைப் பாக்கிறான், ஒருத்தன் செயினைப் பாக்கிறான். அவர் பிறேக்கைப் பிடிச்சுப்போட்டுக் கேட்டார், "ஏன்ரா வேலியைப் பாக்கிறியள், அங்கயென்ன படமே ஓடுது, வந்து தள்ளுங்கோவன்." தள்ளினம். ஒருத்தன் மேல் கட்டில பிடிச்சான், உடன பேச்சு விழுந்தது, "மேல பிடியாதை, புவியீர்ப்பு மையம் ஏற்கனவே உயரத்தில நிக்குது, சரிஞ்சா நீயும் நானும் வாய்க்காலுக்குள்ள." அண்டைக்குப் பின்னேரம் அதே மனுசன் வெள்ளை சேட்டோட வந்து சோக்கை எடுத்தார், கை முழுக்க முள்ளுக் கீறல். நாங்கள் ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்கேல்ல. ஆனா வகுப்பு முழுக்க பின்வாங்கு உட்பட அப்பிடி ஒரு அமைதியா இருந்தது அண்டைக்குத்தான்.

இப்ப படத்துக்கு வாங்கோ. கனடாவில, ஸ்காபரோவில ஒருத்தன்ர பேஸ்மென்ற்றில, வருடாந்த இராப்போசனம் முடிஞ்ச கையோட, கோட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இருந்து பாத்தம். அந்த பிரெண்டன் மாஸ்ரர் வேலையில்லாம அற்லாண்ரிக் சிற்றிக்குப் போட்டார். அவரிட்டப் படிக்கிற பெடியள் விடுவினமே, ஒரு டிரைவ்-இன் தியேட்டரில பெரிய திரை பிடிச்சு, கார் வழிய ஏறி இருந்து தங்கட மாஸ்ரர் அடிபடுறதைப் பாக்கினம். அவர் வெல்ல வெல்லக் கத்துறாங்கள். முதல் முறைச்சுக்கொண்டு நிண்ட பிரின்சிப்பலும் தன்னை மறந்து கத்துறார். அந்த இடத்திலதான் பின்னாலயிருந்து ஒருத்தன் சொன்னான், "மச்சான், கண்டி வீதி." வேற ஒண்டும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு பேஸ்மென்ற்றில மூக்குறிஞ்சிற சத்தம், லைற் போடாதை எண்டு ஒருத்தன் கத்துறான், ஐம்பது வயசை நெருங்கிற ஆம்பிளையள்.

அதோட இன்னொண்டு. பிரெண்டன் பலத்தால வெல்லுற ஆளில்ல, அடி வாங்கி வாங்கிக் கிடந்து கடைசியில கையையோ காலையோ மடக்கிப் பிடிச்சு வெல்லுறவர். கோபா எண்டு ஒரு ரஷ்ய மலை வருது பாருங்கோ, நடிச்சவர் கேர்ட் ஆங்கிள், 1996 அற்லான்ரா ஒலிம்பிக்கில மல்யுத்தத்தில உண்மையாவே தங்கம் எடுத்த ஆள். அவற்ற காலை பிரெண்டன் நெஞ்சோட அணைச்சு இடுப்பால தள்ளி முழங்காலை எதிர்ப்பக்கமா வளைக்கேக்க எனக்கு மாஸ்ரர் கரும்பலகையில கீறின நெம்புதான் தெரிஞ்சது. நெம்பு ஊண்டுற பொறுதி இடுப்பு, விசை குடுக்கிற எத்தனம் முதுகு, சுமை அந்த ரஷ்யன். வலி தாங்கேலாதவன் கையால தட்டோணும், தட்டினா சண்டை முடிஞ்சுது.

தகப்பனா வாறது நிக் நோல்ரி. அந்த வேசத்துக்குத்தான் ஒஸ்காருக்குப் பேர் போனது, கிடைக்கேல்ல, எனக்கு இண்டைக்கும் அதில கோபம் இருக்கு. குடியை விட்டு ஆயிரம் நாளைக் கிட்ட எண்ணிக்கொண்டிருந்த மனுசன், கசினோவில இளைய மகன் ஏசின ஏச்சில உடைஞ்சு திரும்பக் குடிச்சிட்டு ஹோட்டல் அறைக்குள்ள புலம்புறார். மகன் ஒண்டும் கதைக்கேல்ல. போத்தலைப் பறிச்சு வைச்சிட்டு தகப்பன்ர தலையைத் தன்ர நெஞ்சில சாய்ச்சுக்கொண்டு இருக்கிறான். மன்னிச்சிட்டானோ எண்டு கேட்டா நான் இல்லையெண்டுதான் சொல்லுவன். எங்கட குறூப்பில இதுக்கு இன்னும் அடிபாடு நடக்குது, கனடாக்காரர் ஒரு பக்கம், லண்டன்காரர் மற்றப் பக்கம்.

கடைசிச் சண்டையில தம்பியின்ர தோள்மூட்டு கழண்டு போகுது. ஒரு கை தொங்கிக்கொண்டிருக்க மற்றக் கையால வந்து வந்து அடிக்கிறான், விடுறானில்ல. தமையன் கெஞ்சுறான், போதும் விடடா எண்டு. கேக்கேல்ல. பிறகு கழுத்தை நெரிச்சுப் பிடிச்சுக்கொண்டே காதுக்குள்ள, மன்னிச்சுக்கொள் ரொமி, எனக்கு உன்னில விருப்பமடா எண்டு கத்தேக்கதான் அவன் தட்டுறான். நோவில தட்டினவன் இல்ல அவன். நாங்கள் வளந்த வீடுகளில ஒரு தமையனும் தம்பிக்கு இப்பிடி வாயைத் திறந்து சொன்னதில்ல, காணி வழக்கில பத்து வருசம் கதையாம இருந்திட்டுச் செத்தவீட்டில பக்கத்தில வந்து நிப்பினம், அதுதான் எங்கட மன்னிப்பு. அதாலதானோ தெரியேல்ல, அந்த இடத்தில ஒருத்தன் எழும்பி ரீ போடப்போறன் எண்டு மேல போனவன், கனநேரம் வரேல்ல. ரீயும் வரேல்ல.

தியேட்டரில இந்தப் படம் பெரிசா ஓடேல்ல, பிறகு வீடுகளில பாத்துப் பாத்துத்தான் பேர் எடுத்தது. 2015இல இதை பிரதர்ஸ் எண்டு ஹிந்தியில அக்ஷய் குமாரை வைச்சு எடுத்தவை. இந்த வருசக் கூட்டத்துக்கு அதைப் போடுவம் எண்டு எங்கட செட்டில ஒருத்தன் குறூப்பில எழுதினான், அட்மின் ஆளை ஒரு கிழமைக்குத் தூக்கி வைச்சிருக்கு.