12 படுக்கைகள்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றதும் எல்லோருக்கும் சாந்தா அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். ஆனால் அவருக்கு முன்பே அங்கே நின்ற டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

அவர் முத்துலட்சுமி ரெட்டியின் மகன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்தத் தாய், விடாமல் போராடி 1954இல் மருத்துவமனையைத் திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள். அறுவை சிகிச்சை மருத்துவரான மகன் தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். மறு வருடம் சாந்தா வந்து சேர்ந்தார்.

கத்தி மட்டும் போதும் என்று கிருஷ்ணமூர்த்தி நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். வெற்றிலை, புகையிலை போடும் நம் ஊரில் கன்னத்துப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வரும். அதற்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழியைத் தேடியவர் அவர். அப்புறம், 1984இல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கென்றே எம்.சிஎச். என்ற உயர் சிறப்பு மருத்துவப் படிப்பு அங்கே தொடங்கியது.

என் பெரியம்மாவுக்கும் கன்னத்தில்தான் வந்தது. வெட்டிய இடத்தை மார்புத் தசையை எடுத்து வைத்து மூடித் தைத்தார் ஓர் இளம் மருத்துவர். மறுநாள் காலை விடிவதற்குள் வந்து, தைத்த தசையைத் தொட்டு, ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்.

பெரியம்மா இப்போது ரசம் சாதம் சாப்பிடுகிறார்.