தூள் பக்கற்றும் உப்புப் போத்தலும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். கிராமத்து ஆட்களுக்கான பயிற்சிக் கையேடுகளைத் தமிழில் எழுதுவதும், வருடத்தில் நாலைந்து தரம் வன்னிக்கும் மலையகத்துக்கும் போய் அந்தப் பயிற்சிகளை நடத்துவதும்தான் என் வேலை. பதினொரு வருடமாகிறது. தோட்டம், வீட்டுச் சமையலும் பதனிடலும், சிறு வியாபாரம் என்று மூன்று கையேடு, மூன்று நாள் பயிற்சி, கடைசியில் ஒரு சான்றிதழ். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதுதான் ஒழுங்கு, எனக்கும் அது சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் இதே பிரிப்புத்தானே. ஓ எல்லில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் ஒரு பாடம், மனைப்பொருளியல் இன்னொன்று, இரண்டும் ஒரே தொகுதியில் இருப்பதால் ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்க முடியாது, வணிகமும் கணக்கீடும் வேறு தொகுதி. ஆனால் ஒரு கிராமத்து வீட்டில் விடிய நாலரைக்கு எழும்பிப் பாருங்கள், கன்றுக்குத் தண்ணி விடுகிறதும் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுகிறதும் கடைக்காரனுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கிறதும் ஒரே பெண்ணின் ஒரே காலை நேரத்தில்தான் நடக்கின்றன.

இது எனக்கு விளங்கினது மெதுவாகத்தான். முதல் அடி 2021இல் விழுந்தது. அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தார்கள், மே மாதம் வர்த்தமானியும் வந்துவிட்டது. கொரோனா பயணக் கட்டுப்பாட்டுக்குள் வீட்டில் இருந்தபடி, சேதனப் பசளை தயாரிப்பது எப்படி என்று நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை அவசர அவசரமாக எழுதினேன். பச்சை இலை ஒரு அடுக்கு, காய்ந்தது ஒரு அடுக்கு, மாட்டெரு, ஈரம், இடைக்கிடை புரட்டிப் போடுதல், மூன்று மாதத்தில் தயார். ஒரு வரியிலும் பிழையில்லை. படங்களும் வடிவாக இருந்தன. அது போய்ச் சேர்ந்த ஒரு கிழமைக்குள் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு ஐயா தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, எல்லாம் வாசிச்சன். ஒரு அந்தர் யூரியாவுக்குப் பதிலா இது எவ்வளவு போடோணும்?"

என்னிடம் பதிலில்லை. அவரைப் பிறகு எடுக்கச் சொல்லிவிட்டுத் தாளும் பேனையுமாக இருந்தேன். யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஒரு அந்தர் என்பது ஏறத்தாழ ஐம்பது கிலோ பை ஒன்று, அதில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒரு வீதம், கூடினால் ஒன்றரை. ஒரு வீதம் என்று வைத்தால் அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மிச்சம் மண்ணில் கிடந்து மெல்ல மெல்லத்தான் கரையும். அவரிடம் இரண்டு மாடு. அவர் திரும்ப எடுத்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இதை முதல்லயே எழுதியிருந்தா நான் விதைக்கிற அளவைக் குறைச்சிருப்பன்" என்றார், கோபமில்லாமல்தான் சொன்னார். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போக விதைப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. கூட்டெருவுக்கு நான் எதிரியில்லை, மண்ணுக்கு அது வேண்டும், வருடக் கணக்காகப் போட்டு வந்தால் மண் மாறுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். என் பிழை வேறு. செய்முறையைக் கொடுத்துவிட்டுக் கணக்கை விட்டுவிட்டேன், அந்த மனிசனுக்கு வேண்டியிருந்ததோ கணக்கு.

அதற்குப் பிறகுதான் கிளிநொச்சி அக்காவின் தூள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், அரை ஏக்கர் மேட்டுக் காணியில் மிளகாய், கொஞ்சம் வயல், மூன்று மாடு. எங்கள் பதனிடல் பயிற்சிக்கு வந்து, கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினவர். நல்ல கை. வறுக்கும்போதே வாசம் ஒழுங்கை முழுக்க வரும். நான் கொழும்புக்குத் திரும்பும்போது அவருடைய பக்கற்றுகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்து காலி வீதியில் தெரிந்த ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுப் பாதியைத் திருப்பித் தந்தார். ஒரு பக்கற்றை விரலால் அழுத்திக் காட்டினார், உள்ளே தூள் கல் மாதிரி. "சாமான் நல்லது பிள்ளை. ஆனா ஆரோ சூட்டோட கட்டியிருக்கினம்" என்றார். உண்மைதான். மில்லில் அரைத்து வருகிற தூள் நல்ல சூடு. அதை அப்படியே பக்கற்றில் போட்டு மெழுகுதிரியில் ஒட்டினால் ஆவி வெளியே போக வழியில்லாமல் உட்பக்கம் வேர்த்துத் தூளைக் கட்டியாக்கிவிடும். பரந்த தட்டில் கொட்டி ஒரு இரவு ஆறவிட்டு, துணியால் மூடி, காலையில் கட்டவேண்டும். எங்கள் கையேட்டில் "பொதியிடல்" என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது, நிறம், எழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. ஆறவிட வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. நாற்பது வருடம் கடை வைத்திருப்பவருக்கு விரல் நுனியில் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கையேடு எழுதினால் கடைக்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

அடுத்த முறை போனபோது அக்காவின் திண்ணையில் இருந்து, மகளின் பழைய கொப்பியில் ஒரு முறை அரைத்ததன் கணக்கை எழுதினோம். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் சேர்த்துச் சாமான் 4,600 ரூபா. தன் தோட்டத்துச் செத்தலுக்கு விலை போடவே அவருக்கு மனமில்லை, "வீட்டில கிடந்ததுதானே" என்றார், விற்றிருந்தால் என்ன வரும் என்று கேட்டுத்தான் எழுதினேன். மில் கூலி 400. பக்கற்றும் ஸ்டிக்கரும் 300. பஸ் 200. மொத்தம் 5,500. நாலு கிலோ சாமான், ஆகவே 250 கிராம் பக்கற்று பதினாறு வரும், நானூறு ரூபாப்படி 6,400 என்பது அவருடைய மனக் கணக்கு. ஆனால் வறுக்கும்போது ஈரம் போகிறது, மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, வந்தது பதினாலு பக்கற்று. 5,600. கையில் நூறு ரூபா, இரண்டு நாள் வேலைக்கு.

அக்கா கொப்பியைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதில ரெண்டு பக்கற்று எங்கட குசினிக்குப் போச்சுது" என்றார். அப்படியென்றால் நட்டம். வியாபாரக் கையேட்டில் இதற்கு ஒரு வசனம் இருக்கிறது, வீட்டுக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் பிரித்து வையுங்கள் என்று. நான் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்து, "பிள்ளை, பிரிக்க எனக்கு ரெண்டு பெட்டி எங்க இருக்கு? ஒரு பெட்டிதான், அதுக்குள்ளதான் எல்லாம்" என்றார். அந்த இடத்தில் நான் படித்துக்கொடுத்துக்கொண்டிருந்த ஒழுங்கே எனக்குப் பிசகாகத் தெரிந்தது. குசினிக்குப் போன இரண்டு பக்கற்றும் நட்டமில்லை, கடையில் வாங்கினால் அதற்குக் காசு போயிருக்கும். ஆகவே கொப்பியிலேயே இன்னொரு கோடு போட்டு, "வீட்டுக்குப் போனது" என்று தலைப்பு வைத்து, பால், முட்டை, தூள், மரக்கறி எதுவானாலும் கடை விலைக்கு அதில் எழுதச் சொன்னேன். பிறகு பக்கற்று விலையை 480 ஆக்கினார், ஒரு தரத்தில் எட்டுக் கிலோ அரைக்கத் தொடங்கினார், கிலோவுக்கு விழுகிற பஸ் காசு பாதியாகிப் போயிற்று. கடைக்காரர் விலைக்கு முனகினார், ஆனால் எடுத்தார்.

இப்போது எங்கள் பயிற்சி மூன்று நாளில்லை. ஒரு கிராமத்துக்கு ஒரு போகம் முழுக்க, மாதம் ஒரு தரம், யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில். மண்டபமும் சாப்பாட்டுப் பார்சலும் இல்லாததால் செலவும் குறைவு, ஆனால் அறிக்கை எழுதுவது கஷ்டம், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று நிதி தருகிறவர்கள் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. இதற்காகக் கொழும்பில் நான் பேசிய கூட்டங்கள் கொஞ்சமில்லை. சில இடத்தில் கேட்டார்கள், சில இடத்தில் நிதி நின்றது.

அப்படியொரு முற்றத்தில்தான் உப்புப் போத்தல். நெல்லை வியாபாரி வாங்கும்போது ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பது எல்லாருக்கும் தெரிந்த நோவு. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீத ஈரப்பதன், ஆனால் மீற்றர் வைத்திருப்பவர் வாங்குகிறவர்தான். நாங்கள் செய்தது இதுதான். உப்பை வெறும் சட்டியில் வறுத்து ஆறவிட்டோம், ஈரமில்லாத ஜாம் போத்தலில் கொஞ்சம் போட்டு, மேலே நெல்லைப் பாதிக்குக் குறைவாகப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வைத்தோம். உப்பு, போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே விழுந்தால் அதற்குக் கீழே, இன்னும் ஒரு நல்ல வெயில் காட்டினால் துணிந்து கொண்டுபோகலாம். பெரியவர்கள் நெல்லைக் கடித்துப் பார்த்து "டக்" என்ற சத்தத்தில் சொல்வதும் அநேகமாக இதோடு ஒத்துப்போனது, அதில் அவர்களுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். அக்கா அந்தப் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் நான் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நிற்கும்போது அவருடைய அழைப்பு வந்தது, நாட்டாமைமார் மூட்டையோடு "வழி வழி" என்று கத்துகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. செத்தல் இன்றைக்கு மொத்த விலை என்ன என்று கேட்டார். கேட்டுச் சொன்னேன். அவருடைய மிளகாய் பழுத்து நிற்கிறது, பழமாகவே வியாபாரி கேட்கிறான், நாலு கிலோவுக்கு மேல் காய்ந்தால்தான் ஒரு கிலோ செத்தல். அவர் வாய்க்குள் பெருக்குவது எனக்குக் கேட்டது, பக்கத்தில் மகளிடம் கொப்பியைக் கேட்டார், ஏதோ எழுதினார். "பாதியைப் பழமா குடுக்கிறன். பாதியைக் காய வைக்கிறன், தூளுக்கு" என்றார். பிறகு, "வையுங்கோ பிள்ளை, மழை இருட்டுது, பாயைச் சுருட்டோணும்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.