3018-ல் ஸ்பிண்டிலைக் கடைசியாக மாற்றுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் பித்தளைத் தகட்டில் கொலுசு டிசைன் செதுக்க 3018 சிஎன்சி (கணினி சொல்படி செதுக்கும் சிறிய மெஷின்) வாங்குகிறவர்கள், ஒரு மாதத்திலேயே "500 வாட் ஸ்பிண்டில் (வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார்) போடலாமா?" என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் கடைசியில். பிளாஸ்டிக் இசட் பிடியில் கனமான மோட்டாரைத் தொங்கவிட்டால் ஆட்டம்தான் கூடும். 52 மிமீ விட்டமுள்ள அது மெஷினோடு வரும் 775 மோட்டாரின் பிடியில் நுழையாது, பவர் சப்ளையும் தனியாக வேண்டும்.

முதலில் எங்கே வளைகிறது என்று பாருங்கள். காலட்டின் (வெட்டுமுனையைக் கவ்வும் பிடி) மேல் டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் மானி) வைத்து, பெட்டி எடை போடும் கொக்கித் தராசால் காலட்டை 2 கிலோ இழுங்கள். அதே இழுப்பில் கேஜை எக்ஸ் பக்கத் தட்டுக்கும், பிறகு சட்டத்துக்கும் நகர்த்துங்கள். எங்கே அசைவு சட்டென்று குறைகிறதோ, அதற்கு முந்தைய பாகம்தான் குற்றவாளி. பேக்லைட் தட்டு என்றால் 10 மிமீ அலுமினியத்துக்கு மாறலாம். மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே புதுத் தட்டின் துளைகளை அதே மெஷினில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் பிரித்துப் போட்டுவிட்டு லேத் பட்டறை வாசலில் நிற்பதுண்டு.

அடுத்தது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது திருகுக்கும் நட்டுக்கும் நடுவே வீணாகும் தூரம். பூ இதழின் தொடக்கமும் முடிவும் சேரவில்லையா, வட்டம் முட்டையாகிறதா, இதுதான் காரணம். ஒரே திசையில் நகர்த்தி கேஜைப் பூஜ்யமாக்கி, எதிர்த்திசையில் 0.05 மிமீ வீதம் நகர்த்துங்கள். ஊசி அசையத் தொடங்கும் வரை கொடுத்த தூரம்தான் பேக்லாஷ். நட்டை வாங்க ஓடாதீர்கள். மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளரின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். அது சரியாக இருந்தால் மட்டும் ஸ்பிரிங் வைத்த இரட்டைப் பித்தளை நட்டு. ஸ்பிரிங்கை அதிகம் இறுக்கினால் மோட்டார் ஸ்டெப் தவறும்.

இதிலுள்ள டி8 திருகு ஒரு சுற்றுக்கு 4 மிமீ நகர்த்தும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றும் 16 கூறு: 200 × 16 ÷ 4 = மிமீக்கு 800 ஸ்டெப். எக்ஸ் அச்சில் 2 மிமீ நகர்த்தும் திருகு போட்டால், மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் அதன் ஸ்டெப் அமைப்பான $100-ஐ 1600 ஆக்க வேண்டும். அர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்தான் தரும். அதனால் உச்ச வேகம் நிமிடத்துக்கு 2250 மிமீயிலிருந்து 1125 மிமீயாக இறங்கும். செதுக்கு வேலைக்கு அது தாராளம்.

மெஷின் எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் லிமிட் சுவிட்சில்தான் பலரும் தலையைப் பிய்த்துக்கொள்வது. 775-ன் கார்பன் பிரஷ் தீப்பொறி ஒயரில் மின் இரைச்சல் கிளப்ப, எதையும் தொடாமலே அலாரம் 1 (எல்லை தொட்ட எச்சரிக்கை) வரும். சுவிட்சை நார்மலி க்ளோஸ்டு (தொடாதபோது மின்சுற்று மூடியிருக்கும்) முனையில் இணைத்து $5=1 கொடுங்கள்; ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். ஷீல்டு ஒயரின் ஷீல்டை போர்டு பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள், இரண்டு முனையிலும் சேர்த்தால் கிரவுண்டு லூப் ஆகி இரைச்சல் நுழையும். போர்டு பக்கமே சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். $22=1 (ஹோமிங், அதாவது தொடக்க இடத்தைத் தேடுவது) போட்ட பிறகுதான் $20=1 (சாஃப்ட் லிமிட், அதாவது மென்பொருளே எல்லை தாண்டாமல் தடுப்பது) ஏற்கும்; $130, $131, $132-ல் உண்மையான நகர்வு தூரத்தை எழுதாவிட்டால் சாஃப்ட் லிமிட் வீண்.

ஏற்காட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவலை: பனிமூட்டம். வேலைப்பொருளுக்கு அடியில் போடும் எம்டிஎஃப் பலகை ஈரம் குடித்து வீங்கும். நான்கு ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்து, மழைக்காலம் முடிந்ததும் மேல்பரப்பை ஒருமுறை சமப்படுத்துங்கள். அச்சுகள் நகரும் ராடில் எண்ணெய் காயவிடாதீர்கள், குரோம் உரிந்த இடத்தில்தான் துரு பிடிக்கும்.

இத்தனையும் முடிந்து, அதே 2 கிலோ இழுப்பில் காலட் 0.1 மிமீக்குள் நின்றால், அப்போது ஸ்பிண்டிலுக்கு ஆர்டர் போடலாம்.